வாளில்லாதது

அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம்
ஃபோல்க்மார் அந்த டப்பாவை விற்றுவிட்டான்.
காருக்குக் குளிர்கால டயர் இரண்டு வாங்கினானாம்.
"யாருக்கு வேணும் அந்தத் துரு" என்றான்.
எனக்கு வேண்டும் என்பது
அதுவரை எனக்கே தெரியாது.

ஒன்பது வருஷமாகிறது.
டிராம் ஓட்டும் வேலையில்லாத ஞாயிறுகளில்
ஹாலே நகரத்துப் பழம்பொருள் சந்தைக்குப் போகிறேன்.
என் தலை தெரிந்ததுமே பாகெல்
பீங்கான் நாய்களுக்குப் பின்னாலிருந்து
சுருட்டுப் பெட்டியை எடுத்து முன்னால் வைப்பார்.
சாவிக்கொத்திலேயே காந்தம் கோத்திருக்கிறேன்.
ஒட்டினால் அசல்.
ஒட்டாவிட்டால் அவர்
வானிலை பற்றிப் பேசத் தொடங்குவார்.

கௌரவச் சிலுவை.
முதல் உலகப்போருக்குப் போய் வந்தவர்கள்
பதினாறு வருஷம் கழித்து
விண்ணப்பம் எழுதிக் கேட்டு வாங்கியது.
மேலே வெண்கலப் பூச்சு, உள்ளே இரும்பு,
குறுக்கே இரண்டு வாள்.
பின்பக்கம் அடித்த கம்பெனியின் முத்திரை உண்டு.
மார்பில் சுமந்தவன் பெயர் கிடையாது.

ஆகவே எது வேண்டுமானாலும்
எங்களுடையதாக இருக்கலாம்.
ஒவ்வொன்றையும் ஒருவேளை, ஒருவேளை என்றே வாங்கினேன்.
சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளுக்குப் பக்கத்தில்
இப்போது நாற்பத்தொரு ஒருவேளைகள்.
ஒன்றில் பல் பட்ட தடம்.
ஒன்றின் நாடாவை யாரோ
நீல நூலால் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்,
கறுப்பு நூல் கிடைக்காத ஏதோ ஒரு வருஷத்தில்.
இந்த நாற்பத்தொரு பேரும்
எத்தனை பேரைக் கொன்றிருப்பார்கள்
என்று கணக்கு ஓடும் இரவுகளில்
இழுப்பறையைத் திறப்பதில்லை.
ரொட்டியைக் கையாலேயே பிய்த்துத் தின்றுவிட்டுப்
படுத்துவிடுவேன்.

ஏவால்ட் கீஸ்லிங். அப்பாவின் தாத்தா.
அப்பா சொல்லிவிட்டுப் போனது ஒரு வரிதான்:
"சோம் நதிக்கரையில், முன்வரிசையில்."
சரிபார்க்க வழியில்லை.
பிரஷ்யப் படையின் ஏடுகள்
போட்ஸ்டாமில் குண்டு விழுந்து எரிந்துபோயின.
ஒருவிதத்தில் சௌகரியம்.

போன மார்ச்சில் அத்தை மகள் ரோஸ்வித்தா
நாவும்பர்க் வீட்டைக் காலி செய்தாள்.
கேக் அச்சுகளுக்கு நடுவே கிடந்ததாம்,
ஒரு மடித்த தாளை அனுப்பியிருந்தாள்.
சிலுவையோடு வந்த சான்றிதழ், 1935.
யாருடைய பெயரால் வழங்கப்படுகிறது என்பது
உச்சியில் கொட்டை எழுத்தில்.
அந்த வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
கீழே படித்தேன்.

போர்முனை வீரர் என்று இல்லை.
போரில் பங்கேற்றவர், அவ்வளவுதான்.
தொழில்: ரொட்டி சுடுபவர்.

அந்த வகைக்கு வாள் கிடையாது.
சுற்றிலும் ஓக் இலை,
வாள் இருக்கவேண்டிய இடத்தில் காற்று.

வாளில்லாததைப் பாகெல் நீட்டியபோதெல்லாம்
காந்தம்கூட வைக்காமல் தள்ளிவிட்டேன்.
பாதி விலை என்றார் ஒருமுறை.
அப்போதும்.

படைக்கு ரொட்டி சுட்டிருப்பார்.
விடியுமுன் மாவு பிசைந்து,
தின்னப் போகிறவர்களில் எத்தனை பேர்
திரும்ப வருவார்கள் என்று தெரியாமல்
எண்ணி எண்ணி அடுப்பில் தள்ளியிருப்பார்.
இதுவும் என் ஊகம்தான்.
நாற்பத்திரண்டாவது ஒருவேளை.

ஃபோல்க்மாருக்கு ஃபோன் செய்தேன்.
அவன் பக்கம் சுவரைத் துளைக்கும் சத்தம்.
"ஆமா, வாளெல்லாம் இல்ல" என்றான்.
"ஒரு முனை வளைஞ்சிருக்கும்.
அப்பா சின்னப் பையனா இருந்தப்ப
அதை வெச்சு ஜாம் டப்பா திறந்தாராம்.
நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை.
மூடியைத்தான் பார்த்திருக்கிறேன்.
பனியில் சறுக்கும் ஒரு பெண்,
சிவப்புத் தொப்பி.

துளைக்கும் சத்தம் நின்றது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டேன், என்ன ஜாம் என்று.

"பிளம்" என்றான், யோசிக்காமல்.